வாய் திறக்கத் தயங்கும் தம்பி தங்கைகளுக்கு

சிம்பாங் ரெங்கம் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் புகுமுக வகுப்பிலும் கீழ்ப் படிவங்களிலும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு,



ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பாடமெல்லாம் மலாய்மொழியில் நடக்கும் பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். போன ஆண்டுவரை ‘ஒளிச்சேர்க்கை’ என்று ஆசிரியர் ஆரம்பித்தாலே கை தூக்கிய பிள்ளை, அதே பாடம் ‘போத்தோசிந்தேசிஸ்’ என்று வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறது. பின்னம் ‘பெச்சாஹான்’ ஆகிவிட்டது. புவியீர்ப்பு ‘கிராவித்தி’ ஆகிவிட்டது. படித்தது ஒன்றும் மறந்துபோகவில்லை, வாய்தான் அடைத்துக்கொண்டது. தமிழ்ப்பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் இங்கே வந்ததும் கடைசி வரிசையைத் தேடிப் போவதை, மொழி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் பார்த்தவன் நான். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு மலாயும் ஆங்கிலமும் ஓர் இடத்தில் வந்து நின்றுபோவதற்குக் கூச்சமே காரணம். பயமும் அவமானமும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. மூளையின் மேல் பழி போடாதீர்கள். அந்த உணர்ச்சிகளை என்ன செய்வது என்று தெரிந்துகொண்டால், மொழி படிப்பதற்கு நீங்கள் இன்னும் எட்டிக்கூடப் பார்க்காத வழிகள் பல திறக்கும். ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு இல்லை இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், காரணத்தோடு சொல்கிறேன்.

நம் ஊர்ப் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அம்மாவோடு முறுக்கும் கச்சாங் பூத்தேயும் விற்கும் ஒரு மாணவியைப் பார்த்திருக்கிறேன். மலாய்க்கார மக்சிக் ஒருவர் வந்து விலை கேட்கிறார். பிள்ளை விலை சொல்கிறாள். இது உறைப்பு, அது உறைப்பில்லை, பேரப்பிள்ளைக்கு என்றால் இதை எடுங்கள் என்று மளமளவென்று பேசுகிறாள். இரண்டு பாக்கெட் வாங்க வந்தவர் மூன்று பாக்கெட்டோடு சிரித்துக்கொண்டே போகிறார். அதே பிள்ளையை வகுப்பில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் குரல் தொண்டைக்குள் போய்விடுகிறது. இரண்டாவது வரியில் ஒரு சொல் இடறுகிறது. பின்னாலிருந்து யாரோ ‘பெலாட்’ என்று அவள் உச்சரிப்பைக் கேலி செய்கிறார்கள். நாலு பேர் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த வகுப்பில் அவள் குரலைக் கேட்க முடியவில்லை.

வாயும் அதுதான், மொழியும் அதுதான். சந்தையில் ஒரு சொல் பிசகினால் வியாபாரம் நிற்பதில்லை, மக்சிக் சரியான சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டுக் காசைக் கொடுப்பார். வகுப்பில் பிசகினால் பெயர் கெடுகிறது. இடம் மாறியதும் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் இருக்கும் நிலைமை மாறிவிட்டது. அவளுடைய மலாயில் எந்த மாற்றமும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைப்பது பல வேளைகளில் நம் பிள்ளைகளேதான். மலாய்க்கார நண்பர்கள் நம்முடைய தப்பான மலாயைக் கேட்டுச் சிரிப்பதைவிட, தமிழ்ப் பிள்ளை இன்னொரு தமிழ்ப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுதான் அதிகம். எனக்கு உன்னைவிட நன்றாக வரும் என்று காட்டிக்கொள்ளும் சிரிப்பு அது. சிரிக்கிறவனுக்கும் உள்ளே அதே பயம்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஒருவரை ஒருவர் வாயடைத்துவிட்டு நாம் எங்கே போய்ச் சேரப்போகிறோம்?

மனத்தில் எழும் உணர்ச்சியை இன்னதென்று அறிவது, அதன் காரணத்தைப் புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது, அடுத்தவரின் உணர்ச்சியையும் படிப்பது: இவற்றைச் சேர்த்து ஒரு திறமையாகக் கருதலாம் என்று 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். உணர்வுசார் நுண்ணறிவு என்று அதைத் தமிழில் சொல்கிறோம். 1995இல் டேனியல் கோல்மனின் புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. நம் பக்கத்தில் இதை அமைதியாக இருக்கும் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘நல்ல பிள்ளை, சத்தமே போடாது’ என்று பெரியவர்கள் பாராட்டும் பிள்ளைக்கு இது நிறைய இருப்பதாக எண்ணம். அந்தப் பிள்ளை பயத்தை அடக்கி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். அடக்குவது வேறு, கையாள்வது வேறு. பயம் இருக்கும்போதே கை தூக்கத் தெரிந்த பிள்ளைதான் கையாளத் தெரிந்த பிள்ளை.

அதே 1990இல் ரெபேக்கா ஆக்ஸ்ஃபர்ட் என்ற மொழிக்கல்வி அறிஞர், மொழி படிப்பவர்கள் கையாளும் வழிமுறைகளை ஆறு வகையாகப் பிரித்துப் புத்தகம் எழுதினார். நினைவில் வைப்பதற்கான வழிகள், அலசிப் பயிற்சி செய்யும் வழிகள், தெரியாத சொல்லைச் சுற்றிவளைத்தாவது சொல்லிச் சமாளிக்கும் வழிகள், தன் படிப்பைத் தானே திட்டமிட்டு மேற்பார்க்கும் வழிகள் என்று நான்கு. மீதி இரண்டுதான் இங்கே எனக்கு முக்கியம். ஒன்று, மனத்தைச் சரிப்படுத்தும் வழிகள்: பதற்றத்தைக் குறைப்பது, தனக்குத் தானே ஊக்கம் சொல்வது, உணர்ச்சியை எழுதிப் பார்ப்பது. இன்னொன்று, மனிதர்களிடம் போகும் வழிகள்: கேட்பது, திருத்தச் சொல்வது, சேர்ந்து பேசுவது. நம் நாட்டிலும் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகமது அமின் எம்பி போன்றவர்கள் மலேசிய மாணவர்களிடையே இந்த வழிமுறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

கூச்சம் உள்ள மாணவர் இந்த ஆறில் எதை எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக, சத்தமில்லாமல், யாரும் பார்க்காமல் செய்யக்கூடியதையே எடுப்பார். மாதிரிக் கட்டுரை மனப்பாடம், டியூஷன் குறிப்பு, நண்பனின் பயிற்சியைப் பார்த்து எழுதுவது. உழைப்பில் குறைச்சலே இருக்காது. இரவு 11 மணிவரை உட்கார்ந்து நான்கு கட்டுரைகளை உருப்போட்டுவிட்டுப் போவார். தேர்வில் தலைப்பு மாறி வந்ததும் கை நின்றுவிடும். பிறகு, ‘எனக்கு மலாய் வராது’ என்று தன்மேலேயே தீர்ப்பு எழுதிக்கொள்வார். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கூச்சமே முடிவு செய்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. உணர்வுசார் நுண்ணறிவுக்கும் மொழி படிக்கும் வழிமுறைக்கும் உள்ள தொடர்பு என்று ஆய்வாளர்கள் பேசுவதை எங்கள் வகுப்பறையில் நான் இப்படித்தான் கண்டேன்.

இந்தத் தொடர்பை ஈரான் முதலான பல நாடுகளில் மாணவர்களிடம் கேள்விப்பட்டியல் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லும் பதில்கள் அவை என்பதால் நான் அவற்றை அளவோடுதான் நம்புகிறேன். ஆனால் கேரலின் மெக்கான் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு என்னை யோசிக்க வைத்தது. 42,000க்கும் அதிகமான மாணவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், படிப்பில் முன்னேற உதவும் காரணிகளில் அறிவுத்திறனும் விடாமுயற்சியும் முதல் இரண்டு இடத்தில் நிற்க, உணர்வுசார் நுண்ணறிவு மூன்றாவதாக வந்தது. தொடர்பு மிதமானதுதான், மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் உணர்ச்சிகளை அறிந்து கையாளும் திறமையைச் சோதனை வைத்து அளந்தபோது, அது அறிவியலைவிட மொழி, இலக்கியம் போன்ற பாடங்களில் கூடுதலாகக் கைகொடுப்பது தெரிந்தது. மொழிப்பாடத்தில் வாயைத் திறந்து நம்மையே அல்லவா வெளியே வைக்கிறோம்? கணக்கு தப்பானால் விடை தப்பு. பேச்சு தப்பானால் ஆளே தப்பு என்று தோன்றிவிடுகிறது.

இந்தத் தோன்றல் நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலும் ஒன்று. தன்னைத் தாழ்வாக உணரும் நிலை அது. பெருமிதமும் அந்த எட்டில் ஒன்றுதான். பெருமிதம் எதனால் வரும் என்று நான்கு காரணங்களை அடுக்கும் தொல்காப்பியர் முதலில் வைப்பது கல்வியை. கல்வியால் பெருமிதம் வரவேண்டிய வயதில், கல்விக்கூடத்திலேயே உங்களுக்கு இளிவரல் வருகிறது என்றால் அதைச் சும்மா விடக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தமிழைப் பள்ளி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் மலாய் வரவில்லை என்று உறவினர் சொல்வார், சில நேரம் ஆசிரியரே சொல்வார், கடைசியில் நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஒரு மொழியில் ஆழமாக வளர்ந்த திறன் அடுத்த மொழிக்கும் அடியில் துணையாக ஓடுகிறது என்று கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே விளக்கினார். அதை நம் கையில் இருக்கும் பாடத்தை வைத்தே காட்டுகிறேன்.

சந்தையில் மலாய் பேசும் பிள்ளைக்கும் கட்டுரையில் மதிப்பெண் போவது ‘இம்புஹான்’ என்கிற ஒட்டுகளால். பேச்சில் ஒட்டை விட்டுவிட்டுப் பேசிப் பழகிவிட்டோம், எழுத்தில் விடமுடியாது. அதிலும் ‘மெ’ என்ற முன்னொட்டு சேரும்போது சொல்லின் முதல் எழுத்து மாறுவது பெரிய தலைவலி. எழுது என்று பொருள்படும் ‘துலிஸ்’, ‘மெநுலிஸ்’ ஆகிறது. அடி என்கிற ‘புக்குல்’, ‘மெமுக்குல்’ ஆகிறது. பெருக்கு என்கிற ‘சாப்பு’, ‘மெஞாப்பு’ ஆகிறது. கட்டுரை புனை என்கிற ‘காராங்’, ‘மெஙாராங்’ ஆகிறது. பிள்ளைகள் இதை அட்டவணையாக எழுதி உருப்போடுகிறார்கள், இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது தொடக்கப்பள்ளியில் படித்த இன எழுத்துகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். க-வுக்கு இனம் ங. ச-வுக்கு ஞ. த-வுக்கு ந. ப-வுக்கு ம. மேலே சொன்ன நான்கு சொற்களையும் திரும்பப் பாருங்கள். த போன இடத்தில் ந. ப போன இடத்தில் ம. ச போன இடத்தில் ஞ. க போன இடத்தில் ங. வல்லினம் விலகி அதன் இன மெல்லினம் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாசி என்கிற ‘பாச்சா’ போன்ற சொல்லில் முதல் எழுத்து போகாது, அதற்கு முன்னால் அதன் இனமான ம் மட்டும் வந்து சேரும்: ‘மெம்பாச்சா’. ‘புரோசெஸ்’ போல் பிறமொழியிலிருந்து வந்த சொற்கள் சிலவற்றிலும் அப்படியே: ‘மெம்புரோசெஸ்’. நாக்கும் உதடும் தொடும் இடம் ஒன்றாக இருப்பதால் இரண்டு மொழியும் ஒரே வேலையைச் செய்கின்றன. மலாய் நண்பர்கள் கேட்டுக் கேட்டுப் பழக்கத்தால் பிடித்த இந்த விதி, தமிழ்ப்பள்ளியில் படித்த உங்களிடம் ஏற்கெனவே பாடமாக இருக்கிறது. தமிழைக் கூச்சத்தால் மறைத்து வைத்ததனால் அது பயன்படாமல் கிடக்கிறது.

பழமொழியும் அப்படித்தான். செய்யுளும் மொழியணியும் பொருளோடு மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நீங்கள். மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், பழமொழி என்று ஆண்டுதோறும் படித்திருக்கிறீர்கள். மலாயில் ‘பெரிபஹாசா’ என்று புதிதாக எதையோ படிப்பதாக ஏன் நினைக்கவேண்டும்? அவர்களுடைய தவளை தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, நம்முடையது கிணற்றில். அவர்கள் தண்ணீரில் முங்கிக்கொண்டே தண்ணீரும் குடித்துவிடுகிறார்கள், நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். ‘சிக்கிட்-சிக்கிட் லாமா-லாமா ஜாடி புக்கிட்’ என்று அவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்ந்து குன்றாகிறது, நமக்குச் சிறு துளி பெருவெள்ளம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய் என்று எழுதி வாருங்கள். அறிவியல், கணிதச் சொற்களுக்கும் அதையே செய்யுங்கள், ஆங்கிலத்தையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சியில் சொல் கூடுவதோடு, வெறுங்கையோடு இந்தப் பள்ளிக்கு வரவில்லை என்ற எண்ணமும் உள்ளே ஊறும். அந்த எண்ணம் இருக்கும் பிள்ளைக்குக் கை தூக்குவது இலகு.

அடுத்து, அந்தக் கணத்தில் நெஞ்சு படபடக்கிறதே, அதை என்ன செய்வது? பெயர் சொல்லுங்கள். ‘எனக்கு என்னமோ மாதிரி இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். இது பயமா, வெட்கமா, கோபமா? யார்மேல்? எதைப்பற்றி? கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிடும்போது மூளையில் பய உணர்வோடு தொடர்புள்ள பகுதியின் வேகம் தணிவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். 2011இல் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் இன்னும் நேரடியாகச் சோதித்தார்கள். உங்கள் வயதை ஒட்டிய 9ஆம் வகுப்பு மாணவர்களை, இறுதித்தேர்வுக்கு முன் ஒரு 10 நிமிடம் தங்கள் கவலையைத் தாளில் எழுதச் சொன்னார்கள். தேர்வென்றாலே நடுங்கும் மாணவர்களுக்கு மதிப்பெண் கூடியது. நீங்கள் வாய்மொழிச் சோதனைக்கு முந்திய 10 நிமிடத்தை மாதிரி விடையைப் புரட்டுவதில் போக்காமல் இதில் போக்கிப் பாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம், எழுதியதைக் கிழித்துப்போட்டாலும் பரவாயில்லை.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே என்றால், புகுமுக வகுப்பில் இருப்பவர்களுக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மலாயில் போதிய தேர்ச்சி பெறாமல் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வரும் மாணவர்களுக்காக இடைநிலைப்பள்ளியில் வைத்திருக்கும் ஓராண்டு அது. கல்யாண வீட்டில் ‘புகுமுக வகுப்பா?’ என்று ஒரு மாதிரி இழுத்துக் கேட்கிறார்கள், தெரியும். கேட்டுவிட்டுப் போகட்டும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீன நண்பனுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் இருக்கும் ஒரே பாலம் மலாய். அவனும் பிழை விடுவான், நீங்களும் விடுவீர்கள், சிரிக்க ஆளில்லை. இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஓய்வு நேரத்தில் நம் பிள்ளைகளோடு மட்டும் வட்டம் கட்டாமல், வாரத்தில் இரண்டு நாளாவது அவன் மேசைக்குப் போங்கள்.

பந்து விளையாட்டுப் பைத்தியம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஜொகூரில் பிறந்துவிட்டு ஜே.டி.டி. பிடிக்காதவர் யார்? 2014 முதல் மலேசியா சூப்பர் லீக் கிண்ணத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத குழு அது. அடுத்த ஆட்டத்தை மலாய் வர்ணனையோடு பாருங்கள். ஒரு கோல் விழுந்த நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டு, வர்ணனையாளரோடு சேர்ந்தே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அந்த ஒரு கோலை நண்பனுக்கு மலாயில் விவரியுங்கள். சொல் வராத இடத்தில் நிறுத்தாதீர்கள். சுற்றிவளைத்துச் சொல்லுங்கள், கையைக் காலை ஆட்டியாவது சொல்லுங்கள். பந்தைப் பற்றிப் பேசும்போது கூச்சம் நினைவுக்கே வராது என்பதுதான் இதிலுள்ள விசேஷம். பந்து பிடிக்காதவர்கள் சமையல், ஒப்பனை, விளையாட்டுச் செயலி என்று எது பிடிக்குமோ அதில் செய்யுங்கள்.

1975இல் ஜோன் ரூபின் என்பவர் நல்ல மொழி மாணவர்களிடம் என்ன குணம் இருக்கிறது என்று கவனித்து எழுதினார். அதில் ஒன்று, பிறர் முன் அசடாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று பேசும் துணிவு. இப்போது ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது, இதை மறுத்து யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

கேட்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். புரியாதபோது கேட்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்பதற்கான வாக்கியம் அந்த நேரத்தில் வாயில் வராது, அதுதான் சிக்கல். அதனால் முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். ‘சிக்கு, போலே உலாங் செகாலி லாகி?’ ஆசிரியரே, இன்னொரு முறை சொல்லமுடியுமா என்று கேட்கும் இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் கண்ணாடிக்கு முன் பலமுறை சொல்லிப் பழகுங்கள். வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு முறை பயன்படுத்துங்கள். எல்லார் முன்னாலும் கேட்கமுடியாவிட்டால் மணி அடித்த பிறகு ஆசிரியர் மேசைக்குப் போய்க் கேளுங்கள். மாணவர் வந்து கேட்பதை விரும்பாத ஆசிரியர் இருக்கலாம், மிகச் சிலர். பெரும்பாலான சிக்குமார் யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் முழுநேரமாக இருக்கிறார். அவருடைய அறை தப்புச் செய்தவர்களைக் கூப்பிடும் இடம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து ஆண்டும் அந்தப் பக்கமே போகாமல் பள்ளியை முடித்தவர்களை எனக்குத் தெரியும். அது உங்களுக்கான அறை.

தேர்வுப் பயம் பற்றிய பேச்சில் நம் தொகுதிக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. 2018 மே மாதத்திலிருந்து 2020 ஜனவரித் தொடக்கம்வரை நாட்டின் கல்வி அமைச்சராக இருந்த மஸ்லீ மாலிக், அப்போது சிம்பாங் ரெங்கம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவர் காலத்தில், 2019 முதல், தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு நீக்கப்பட்டது. அவருக்குப் பின் 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். நின்றது, 2022இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 நின்றது. தேர்வுப் பயம் குறையவேண்டும் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் பயம் தேர்வுத்தாளில் மட்டும் இருக்கவில்லையே. பக்கத்து மேசைச் சிரிப்பைச் சுற்றறிக்கை போட்டு நிறுத்த எந்த அமைச்சராலும் முடியாது. ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு அப்படியேதான் இருக்கிறது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடையாது.

சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிம்பாங் ரெங்கம் என்று வெளியூர்த் தமிழர்களிடம் சொன்னால் அன்னாசித் தோட்டத்துக்கு முன் சிறைதான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையே இல்லாமல் பிடிக்கப்பட்ட நம் இளைஞர்கள் பலர் இங்கேதான் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களெல்லாம் படிக்காமல் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது பெரிய அநியாயம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வகுப்பில் ஆண்டு முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையன், தன் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்காத இடத்தைத் தேடிப் போகிறான். அந்த இடம் எது என்று தேர்ந்தெடுக்கும் வயது அவனுக்கு இல்லை. அவன் நம் வகுப்பிலேயே பேசும்படி செய்துவிட்டால் அவன் தேடிப் போகவேண்டியதில்லை. உங்கள் கடைசி வரிசையில் அப்படி ஒருவன் இருந்தால், நாளைக்கு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஓர் இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழி வகுப்புக்கு வசதி செய்து தரவேண்டும். உங்கள் பள்ளியில் வகுப்பு இருந்தால், பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல் போங்கள். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுங்கள். வகுப்பு இல்லை என்றால், உங்களோடு படிக்கும் தமிழ் மாணவர்களின் பெயர்களை இந்த வாரமே ஒரு தாளில் எழுதுங்கள். 15 பேர் சேர்ந்ததும் அப்பா அம்மாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, தலைமையாசிரியரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே போய், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே மலாயில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாக இதே மண்ணில் படித்த ஓர் ஆசிரியர்